லஸ் முனையில் நிற்கும் குதிரை

எங்கள் வீட்டில் தமிழ் பேசக் கூடாது என்று சட்டம் போட்டவன் நான். மயிலாப்பூரில் குடியிருந்தேன். சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பையன்களைத் தமிழில் அதட்டி இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். மாலையில் வீடு திரும்பியதும் வாசலில் செருப்போடு தமிழையும் கழற்றிப் போட்டுவிடுவேன். எங்கள் முன்னோர் ராஜாவோடு தஞ்சாவூருக்கு வந்த மராட்டியர்கள். ராஜாவும் போய் ராஜ்யமும் போய், மிச்சம் இருந்தது வீட்டுக்குள் பேசும் மொழி ஒன்றுதான். அதையும் என் இரண்டு குழந்தைகள் மயிலாப்பூர்த் தெருவில் தொலைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். பயம் நியாயமானதுதான். அதற்கு நான் செய்த வைத்தியம் நியாயமில்லை.

வைத்தியம் இதுதான்: தமிழில் யார் எதைக் கேட்டாலும் எனக்குக் காது கேட்காது. "அப்பா, பசிக்கறது" என்று ஆறு வயதுப் பையன் எதிரே வந்து நிற்பான். நான் பேப்பரைப் புரட்டுவேன். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்வான். இன்னொரு பக்கம் புரட்டுவேன். அவனுடைய அக்காவுக்கு ஒன்பது வயது. ஓடிவந்து அவன் காதில் மராட்டியில் ஓதுவாள். அவன் அதைத் திருப்பிச் சொன்ன மாத்திரத்தில் எனக்குச் செவி திறந்துவிடும். "எந்த வைத்தியரும் இவ்வளவு சீக்கிரம் குணப்படுத்த மாட்டார்" என்பாள் என் மனைவி சமையலறையிலிருந்து. அதையும் மராட்டியில்தான் சொல்வாள்.

என் திட்டம் பிரமாதமாக நடப்பதாகவே இரண்டு வருஷம் நம்பினேன். சாயங்காலம் தெருமுனையில் சைக்கிள் மணியை அடிப்பேன். உள்ளே நுழைந்தால் வீடு முழுக்க மராட்டி. மற்ற மராட்டிக் குடும்பங்களிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு. அந்த மணிதான் அவர்களுக்கு எச்சரிக்கை என்பது எனக்கு உறைக்கவில்லை. மழைத் தூறல் விழுந்ததும் கொடியில் காயும் துணியை வாரிக்கொண்டு ஓடுவதுபோல, மணி கேட்டதும் மூன்று பேரும் தமிழை வாரிச் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பத்தில் ஒருநாள் ஆழ்வார்பேட்டை அருகே டயரில் முள் ஏறிற்று. சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு நடந்தே வந்தேன். நடக்கிறவனுக்கு மணி ஏது? வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளிருந்து தமிழ் கேட்டது. பேசிக்கொண்டிருந்தவள் என் மனைவி.

"அந்தக் குதிரை தஞ்சாவூர் அரண்மனை லாயத்துல பொறந்ததோன்னோ, அதுக்கு மராட்டி மட்டும்தான் தெரியும். மெட்ராஸுக்குக் கொண்டுவந்து ஜட்காவுல பூட்டிட்டா. லஸ் முனைக்கு வந்ததும் நின்னுடுத்து. பின்னாடி டிராம் வந்து டிங் டிங்னு அடிக்கறது. ஜட்காக்காரன் கெஞ்சறான்: 'இன்னா நைனா, நடு ரோட்டுல நின்னுகினு கீறியே! ஒரு அடி நவுரு நைனா!' குதிரை என்ன பண்ணித்து தெரியுமா? அப்பா பேப்பர் புரட்டுவாரே, அந்த மாதிரி ஒரு காதை இந்தப் பக்கம் புரட்டித்து, ஒரு காதை அந்தப் பக்கம் புரட்டித்து."

குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"டிராம்காரன் இறங்கி வந்தான். 'இன்னாய்யா, உன் குதிரைக்குக் காது அவுட்டா?' ஜட்காக்காரன் சொல்றான்: 'காதெல்லாம் நல்லாத்தான் கீது. கொள்ளுன்னு சொல்லிப் பாரு, கேட்டுக்கும்!'"

"அப்புறம் ஆயி?" என்றாள் மகள். அம்மாவை எங்கள் வீட்டில் ஆயி என்றுதான் அழைப்பார்கள். "குதிரை நகந்துதா?"

"இரு, சொல்றேன். அப்போ அந்த வழியா ஒருத்தர் சைக்கிள்ல வந்தார்..."

நான் இருமினேன்.

தானாக வந்த இருமல் இல்லை, வரவழைத்தது. பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குள் ஒரு ஜட்காக்காரனும் டிராம்காரனும் குதிரையும் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் நின்று கேட்டிருக்கலாம். உள்ளே போய், "அந்தச் சைக்கிள்காரர் என்னதான் செய்தார்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். எனக்கு இருமத்தான் தோன்றியது.

மூவரும் எழுந்து நின்றார்கள். "அப்பா, கால் கழுவத் தண்ணீர் வைக்கட்டுமா?" என்று மகள் மராட்டியில் கேட்டாள். பிழையே இல்லாத மராட்டி.

சாப்பிடும்போது மனைவியிடம், கதையை மராட்டியில் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"மராட்டியில் சொன்னால் குதிரை உடனே நகர்ந்துவிடுமே. அப்புறம் கதை எங்கே இருக்கிறது?" என்றாள்.

இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. "அப்படியானால் கதையே வேண்டாம்" என்றேன்.

அவள் வாதாடவில்லை. அன்றிலிருந்து சைக்கிள் மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் வீட்டில் மராட்டிதான். மணி அடிக்காமல் வந்து நின்று நானே சோதித்தேன். இந்தக் கேவலத்தையும் சொல்லிவிட வேண்டும். குளிப்பது, சாப்பிடுவது, படிப்பது எல்லாம் மராட்டியில் ஒழுங்காக நடந்தன. நான் கேட்டதற்கெல்லாம் பதில் கிடைத்தது. கேட்காத எதையும் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பூனாவிலிருந்து ஒரு தூரத்து உறவினர் வந்து தங்கினார். கலப்படமில்லாத நம் மொழியை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்று அந்த மொழியிலேயே அவருக்கு அரைமணி நேரம் விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் கைகூப்பி, "மன்னிக்க வேண்டும், எனக்குத் தமிழ் தெரியாது" என்றார்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். மகளின் தோள் குலுங்கியது. பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சிரித்தால் அவனும் சிரிப்பான். அன்றைக்கு நான் சிரித்திருந்தால் அந்தக் குதிரைக்கதை மறுநாளே திரும்பி வந்திருக்கும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். நானோ விருந்தாளிக்குத் தஞ்சாவூர்ச் சரித்திரம் சொல்ல ஆரம்பித்தேன்.

என் மனைவி போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. நான் அடையாற்றில் மகள் வீட்டில் இருக்கிறேன். அவள் மராட்டி இன்றும் என்னுடையதைவிடச் சுத்தம். அந்த வகையில் என் வைத்தியம் பலித்துவிட்டது. என்னோடு அவள் வேறு மொழி பேசியதில்லை. மருந்து சாப்பிட்டாயிற்றா, காற்று அடிக்கிறதா, ஜன்னலைச் சாத்தட்டுமா, எல்லாம் மராட்டிதான்.

போன வாரம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். அவளிடம் முதல்முறையாகத் தமிழில் கேட்டேன்.

"அந்தக் குதிரைக்கதை ஞாபகம் இருக்கா? சைக்கிள்ல ஒருத்தர் வந்தாரே. அவர் என்ன பண்ணினார்? ஆயி அப்புறம் சொன்னாளா?"

அவள் கை நின்றது. என்னை நன்றாக நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவள் அம்மாவின் குரலில், தமிழில் சொன்னாள்:

"ஏன்ப்பா, உங்களுக்குத் தெரியாதா? சைக்கிள்ல வந்தவர் இருமினார்."

"குதிரை?"

"அது அங்கேயேதான் நிக்கறது."