கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்காத பேரரசரைப் பார்க்கப் போனோம்

டண்டினொங் கிடங்கில் என்னோடு வேலை செய்யும் கிரேக்கன் கொஸ்தா. அவனுடைய பெயருக்குரிய புனிதரின் திருநாள் மே 21. 2006இல் அது ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெயர்நாளுக்கு அழைப்பே தேவையில்லை, கோயிலுக்கு வந்துவிட்டு வீட்டில் சாப்பிடு என்றான். சாப்பாடு என்றால் நான் வராமல் இருப்பேனா?

ஜூனில் எனக்கு இருதய ஒப்பரேசன். நான் முருகன் ஆள், மனைவி பிலோமினா கத்தோலிக்கம். ஒப்பரேசனுக்கு முன் நான் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று ஒரு மாதமாக மன்றாடிக்கொண்டிருந்தாள்.

காலை 8.40க்கு நானும் பிலோவும் டண்டினொங்கில் ரயில் ஏறினோம். கோயில் இருக்கும் ஓக்லிக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர், இருபது நிமிடம். ஞாயிறு டிக்கெட் இரண்டரை டொலர். கோயில் வாசலில் பழக்கதோசத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். காலுறையில் இருந்த ஓட்டையை முழு கிரேக்க நாடும் பார்த்தது.

உள்ளே ஒரு படத்தில் தாயும் மகனும் கிரீடத்தோடு, நடுவில் சிலுவை. "அது அம்மா ஹெலேனா, இவர்தான் என் பெயருக்குரியவர், ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்" என்றான் கொஸ்தா. "கிறிஸ்தவர்களை வதைத்த காலத்தை முடித்தவர். அவரவர் சாமியை அவரவர் கும்பிடலாம் என்று விட்டவர்."

"அப்படியானால் முதலில் ஞானஸ்நானம் எடுத்ததும் இவர்தானா?"

கொஸ்தா தலையைச் சொறிந்தான். "இல்லை. சாகக் கிடக்கும்போதுதான்."

விடுவேனா? "பாத்தியே பிலோ! ராசாவே கடைசி மட்டும் இழுத்தடிச்சவர். எனக்கென்ன அவசரம்?"

அவள் சிரிக்கவில்லை. "இஞ்சருங்கோ, அவருக்குத் தன்ர கடைசி நாள் தெரிஞ்சது. உங்களுக்குத் தெரியுமோ?"

நான் படத்தைப் பார்த்தேன். பழைய சாமிகளையும் சட்டென்று விடமுடியாமல் அந்த மனுசன் எத்தனை வருடம் தடுமாறினாரோ, பாவம்.

"பயத்தில எடுக்க மாட்டன் பிலோ. சுகமா வந்து, என்ர காலால நடந்து போய் எடுக்கிறன்."

"சுகமா வராட்டி?"

"நீயே தண்ணியை ஊத்து."

"ஆபத்தெண்டா ஆரும் ஊத்தலாம், தெரியுமோ? ஆனா நீங்கள் விரும்பவேணும். பகிடி விடாமல் ஓமெண்டு சொல்லுங்கோ."

"ஓம்" என்றேன். பகிடி விடவில்லை.

போகிறவர்களுக்கு: சப்பாத்தைக் கழற்ற வேண்டாம். கேக் ஒன்று கொண்டு போங்கள். காலையில் சாப்பிடாமல் போங்கள், கொஸ்தாவின் மனைவி தட்டைக் காலியாக விடமாட்டா.

ஆஸ்பத்திரிப் பையில் என் சாரத்துக்கும் பல்துலக்கிக்கும் நடுவே பிலோ ஒரு சின்னப் போத்தல் தீர்த்தம் வைத்திருந்தாள். மூடி திறக்காமலே அது என்னோடு வீட்டுக்கு வந்தது. இப்போது குசினி யன்னலில் இருக்கிறது. வருகிற ஞாயிறு நான் தேவாலயத்துக்கு நடந்தே போகிறேன். போத்தலும் கூட வருமாம். பிலோ இன்னும் என்னை நம்பவில்லை.