பஸ்ஸம்மாவின் மகள் தனியாகப் பள்ளிக்குப் போனாள்

பதினோரு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். அவள் வண்டியில் ஏறும் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் ‘பஸ்ஸம்மா’. ஊரார் பிள்ளைகள் தனியாக ஏறி இறங்குவதைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறவளுக்கு, தன் பன்னிரண்டு வயது மகளைத் தெருமுனைக் கடைக்கு அனுப்பக்கூட மனசு வராது. பையை அடுக்குவாள், பென்சில் சீவுவாள். டாக்டர் மகளிடம் “எங்கே வலிக்குது?” என்று கேட்டால், இவள்தான் பதில் சொல்வாள். “வலியையும் நீயே வாங்கிக்கோயேன்,” என்பான் பேக்கரியில் வேலை பார்க்கும் கணவன். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஏழாம் வகுப்பில் முதல் பெற்றோர் கூட்டம். “உனக்கு இங்கே எது கஷ்டமா இருக்கு?” என்று வகுப்பாசிரியை மகளைக் கேட்டார். பஸ்ஸம்மா வாயைத் திறந்தாள்.

“அவளே சொல்லட்டுங்க. அவசரமே இல்ல,” என்றார் ஆசிரியை.

சிக்னலில் நிற்கிற நேரம்தான் போயிருக்கும். பஸ்ஸம்மாவுக்கு அரைநாள் போனது போலிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா ஸ்கூட்டர்ல வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடறதுதான் மிஸ்,” என்றாள் மகள் கடைசியில். “எல்லாரும் பஸ்ல வராங்க. பஸ் ஓட்டறவங்க பொண்ணு நான் மட்டும் வரதில்ல.”

ஆசிரியை சிரிப்பை அடக்கப் பட்டபாடு கொஞ்சமல்ல.

பள்ளி வேறு தடத்தில் இருந்தது. அந்த வாரக் கடைசி விடுமுறையில் தாயும் மகளும் பயணிகளாக மூன்று முறை அதில் போய் வந்தார்கள். மூன்றாம் முறை மகள் முன்னால், தாய் கடைசி இருக்கையில், மூச்சுவிடாமல். திங்கட்கிழமை மகள் தனியாக ஏறினாள். நகரத்தின் மறுகோடியில் வண்டி ஓட்டிய பஸ்ஸம்மாவுக்கு உயிர் உடம்பில் இல்லை.

சாயங்காலம் மகள் சாவகாசமாகச் சொன்னாள்: “கதைப்புத்தகம் படிச்சிட்டே ஸ்டாப்பை விட்டுட்டேன். பஸ் டிப்போவுக்கே போயிடுச்சு.”

“அடிப்பாவி, எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?”

“ஓட்டும்போது போனை எடுக்க மாட்டேன்னு நீதானே பெருமையா சொல்லுவே? அதான் அங்க பஸ் வந்துபோற டைம் எழுதற அண்ணாகிட்ட கேட்டு, திரும்பற வண்டியில ஏறினேன். இருபது நிமிஷம் லேட். ஸ்கூல் ஆபீஸ்ல நானே காரணம் சொல்லி, கிளாஸுக்குப் போக சீட்டு வாங்கிட்டேன்.”

வாய் வரை வந்த திட்டைப் பஸ்ஸம்மா விழுங்கினாள். “நாளைக்கு என்ன பண்ணுவே?”

“புத்தகத்தைத் தொடவே மாட்டேன்.” கொஞ்சம் யோசித்தாள். “இல்ல, தொடுவேன். ரெண்டு ஸ்டாப் முன்னாடியே மூடிடுவேன்.”

உள்ளறையில் கணவன் சிரிப்பது கேட்டது. பஸ்ஸம்மாவுக்கும் அடக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து மகளே பையை அடுக்கினாள். அறிவியல் நோட்டு இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடத் தாயின் கால்கள் பரபரத்தன, ஓடவில்லை. வகுப்பில் வாங்கிக் கட்டிக்கொண்ட மகள் மூன்றாம் நாள் மறக்கவில்லை.

மாதக் கடைசியில் மகள், பக்கத்துத் தெருவில் பஸ்ஸுக்குப் பயந்த ஆறாம் வகுப்புப் பெண்ணைத் தானே கூட்டிப் போவதாக ஒப்புக்கொண்டு வந்தாள். “டிக்கெட் மட்டும் நீயேதான் கேட்டு வாங்கணும்னு கண்டிப்பா சொல்லிட்டேன்மா.”

பிள்ளைகள் இருவரும் சேர்ந்து கிளம்பிய முதல் நாள், மதிய இடைவேளையில் பஸ்ஸம்மா அந்தப் பெண்ணின் தாய்க்குப் போன் செய்தாள். “முதல் நாள் சோறு இறங்காதுங்க. எனக்கும் இறங்கல. பரவாயில்ல, சாப்பிடுங்க.”