நேரத்துக்கு வந்த மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகள் வசந்திக்குக் கல்யாணம். இங்கேதான், ஜார்ஜ்டவுனில், கோயிலில். நல்லபடியாக முடிந்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போகத்தான் ஆசை. நல்லபடியாகத்தான் முடிந்தது... ஆனால் அதற்குள் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறி இறங்கிவிட்டது.

எல்லாம் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லால் வந்த வினை. ஷார்ப்.

இந்தச் சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் பாடமாகவே நடத்துகிறேன். எட்டு மணி ஷார்ப் என்றால் எட்டு மணி. எட்டு அடித்துப் பத்து நிமிடம் இல்லை. 'எட்டு, எட்டரைக்குள்ளே' இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே தடவையில் புரிந்துவிடுகிறது. அவர்களைப் பெற்றவர்களுக்குத்தான் எத்தனை வருடமானாலும் புரியமாட்டேன் என்கிறது. அவர்களுக்கு யார் வகுப்பு எடுப்பது?

அழைப்பிதழ் அடிக்கும்போதே என் தம்பி சிவநேசன் கவலையோடுதான் வந்தான். துறைமுக ஆபீசில் கிளார்க். கப்பல் நேரம் பார்த்துப் பழகியவன்.

"அக்கா, இங்கிலீஷ்ல எப்படிப் போட்டா கரெக்டா வருவாங்க? 'ஆன் த டாட்'னு போடலாமா, 'ஷார்ப்'னு போடலாமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டா. 'ஆன் த டாட்' பேசுறப்போ சொல்றது. கார்டுக்கு 'ஷார்ப்' போதும்."

அவனோடு அச்சகத்துக்கும் போனேன். அச்சகக்காரர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "அந்த வார்த்தைக்கு ஈய எழுத்தைக் கோத்து, நூலால கட்டித் தனியாவே வச்சிருக்கேன் டீச்சர். ஒவ்வொரு தடவையும் கலைச்சுக் கலைச்சுக் கோக்க முடியலை. ஷார்ப் இல்லாத கல்யாணக் கார்டு நம்ம ஆளுங்களுக்கு ஏது?"

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எல்லாக் கார்டிலும் இருக்கும் ஒரு வார்த்தையை யார் படிக்கப்போகிறார்கள்?

போதாக்குறைக்கு இந்தப் புத்தாண்டிலிருந்து இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்திருக்கிறோம். அரசாங்கம் ஏதோ நல்லதை நினைத்துத்தான் செய்தது. நம் ஆட்களுக்கு அது லைசென்ஸ் ஆகிவிட்டது. தாமதமாக வந்துவிட்டு, "பழைய மணியா, புது மணியா, சரியா தெரியலை" என்று ஒரு புன்சிரிப்பு! அதனால் தம்பி கூடுதல் ஜாக்கிரதையாகத் தமிழில் 'புது நேரம்' என்றும் ஒரு வரி சேர்த்தான். முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள். புது நேரம். ஷார்ப். இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

பத்து மணியைத் தாண்டக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள். நல்ல நேரம் அதோடு முடிகிறது. இன்னொன்று, தை மாதம் – கோயிலில் கல்யாணங்கள் வரிசையில் நிற்கின்றன. எங்களுக்குப் பிறகு வேறொரு ஜோடி. பத்து மணி போனால் மணவறையைக் காலி செய்துவிட்டு வேறு நாள்தான் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை குணசீலன் கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்துக்காரர். மாக் மண்டினில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அப்பா இல்லை. அம்மா தையல் வேலை செய்து ஒற்றை ஆளாக வளர்த்த பிள்ளை. ஆனால் கல்யாணம் என்று வந்ததும் பெரியப்பா நடராஜா எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். பஸ் பிடிப்பது அவர், ஆட்களைக் கூட்டி வருவது அவர். மணவறையில் பெற்றவர்கள் இடத்தில் நிற்கப்போவதும் அவரும் அவர் மனைவியும்தான். அம்மா? கணவர் இல்லாதவர், பின்னால் நின்று பார்த்துக்கொள்வாராம். அப்படித்தான் எங்களிடம் சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை வீட்டு விஷயம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் நாங்கள் கோயிலில் தயார். சரியாக ஒன்பதுக்கு வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. உள்ளே பட்டு வேட்டியில் மாப்பிள்ளை, மடியில் தலைப்பாகை. பக்கத்தில் அவர் அம்மா, கையில் ஒரு பை.

பின்னால் பஸ்? பஸ்ஸைக் காணோம்.

"பஸ் இன்னும் கிளம்பவே இல்லீங்க" என்றார் அந்த அம்மா மெல்ல. "பாதிப் பேரு வரலை. பூ வாங்க பாசாருக்குப் போன பெரியம்மாவையும் காணோம். இவன் மணியைப் பார்த்துக்கிட்டே இருந்தான். வாம்மா, நாம ஃபெரி ஏறிடலாம்னு கூட்டிட்டு வந்துட்டான். தாலி, கூறை எல்லாம் என்கிட்டதான் இருக்கு."

எனக்கு அந்த இடத்திலேயே மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்க வேண்டும் போல இருந்தது. நம் சமூகத்தில் ஷார்ப் என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த ஒருத்தரைக் கண்டுபிடித்துவிட்டோம் – அதுவும் மாப்பிள்ளையாகவே!

ஆனால் வசந்தியின் தாய்மாமன் குறுக்கே கையை நீட்டினார்.

"அதெப்படிங்க? மாப்பிள்ளை தனியா வந்து எறங்குறதா? அவங்க ஆளுங்க தட்டோட வரணும், நாம மேளத்தோட அழைக்கணும். நாளைக்கு அவங்க பெரியப்பா கேட்டா என்ன சொல்றது? கொஞ்சம் டாக்சியிலேயே இருக்கட்டும்."

நம்புவீர்களோ மாட்டீர்களோ... டாக்சியை மர நிழலில் ஒதுக்கி நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வர வேண்டிய நேரத்துக்கு வந்த இரண்டு பேர் வெளியே. வராதவர்களுக்காக நாங்கள் இருநூறு பேர் உள்ளே. நாயனக்காரர் என் முகத்தைப் பார்க்கிறார் – ஊதுவதா, வேண்டாமா?

நான் டாக்சி அருகே போனேன். ஓட்டி வந்த சீனப் பெரியவர் மலாயில் என்னைக் கேட்டார். "கல்யாணம் இந்தப் பையனுக்குத்தானே? ஏன் உள்ளே விடமாட்டேன் என்கிறீர்கள்?"

அதைவிட மாப்பிள்ளை கேட்டதுதான் என்னை உலுக்கிவிட்டது. "தப்பா வந்துட்டோமா அத்தை? ஃபேக்டரியில லேட்டா வந்தா பஞ்ச் கார்டுல செவப்பு விழும். அந்தப் பழக்கத்துல வந்துட்டேன். பெரியப்பாகூடயே வந்திருக்கணும்போல."

நேரத்துக்கு வந்த பிள்ளை மன்னிப்புக் கேட்கிறான்! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் போனதும் கோபம் வந்தது. நேரே கோயில் ஆபீசுக்குப் போய் நடராஜா வீட்டுக்கு டெலிபோன் செய்தேன்.

"கிளம்பிட்டோம் லா டீச்சர். வழியிலதான் இருக்கோம்" என்றார் பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் அந்த மனிதர். வீட்டு டெலிபோனில்!

"அண்ணே, மணி ஒம்பது இருபது."

"அது புது மணி. பழைய மணிக்கு ஒம்பது அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"கார்டுல புது நேரம்னு போட்டிருக்கோமே?"

"அதெல்லாம் ஜனங்களுக்கு லா. நல்ல நேரம் சூரியனைப் பார்த்துத்தானே வரும்? சூரியனுக்குப் புது மணி தெரியுமா?"

ரிசீவரை வைத்துவிட்டேன். குருக்கள் அந்த அரை மணியைக் கூட்டித்தான் நேரம் குறித்துக் கொடுத்தார் என்பதை யார் அவருக்குப் போய்ப் புரியவைப்பது?

எனக்கு ஒன்று விளங்கவில்லை. இதே ஆட்கள்தானே தினமும் காலையில் ஃபேக்டரி சைரனுக்கு முன்னால் ஓடுகிறார்கள்? சினிமாவுக்குப் பெயர் போடுவதற்கு முன்பே போய் உட்காருகிறார்கள்? பேங்க் கதவு சாத்துவதற்குள் மூச்சு வாங்க நுழைகிறார்கள்? நேரம் பார்க்கத் தெரியாதவர்களா இவர்கள்? நன்றாகத் தெரியும். யாரிடம் பயமோ அவர்களுக்கு நேரம் கொடுக்கிறோம். யார் நம்மை நேசிக்கிறார்களோ அவர்களைக் காக்க வைக்கிறோம். காத்திருப்பார்கள் என்ற தைரியம்.

அதற்கு ஒரு கணக்கு வேறு. விருந்தாளி தாமதமாக வருவான் என்று வீட்டுக்காரர் ஒரு மணி முன்னால் போடுகிறார். முன்னால்தான் போட்டிருப்பார் என்று விருந்தாளி ஒரு மணி கழித்து வருகிறான். யார் முதலில் ஆரம்பித்தது என்று இன்று ஒருவருக்கும் தெரியாது. இந்தக் கணக்கை நிறுத்தத்தான் ஷார்ப் என்று போட்டோம். இப்போது அதற்கும் ஒரு தள்ளுபடி வந்துவிட்டது. ஷார்ப் என்றால் அரை மணி மட்டும் லேட்டாகப் போகலாம் என்று அர்த்தமாம்.

ஒன்பதரை தாண்டியது. தம்பி முகம் வெளுத்துப்போய்த் தூணோரம் நின்றான். கடன் வாங்கி, லீவு போட்டு, ஒரு வருடமாக ஓடியவன். "கல்யாணம் தள்ளிப்போயிடும் போலிருக்கே அக்கா" என்றான்.

நான் மணப்பெண் இருந்த அறைக்குப் போனேன். வசந்திக்கு அதற்குள் சேதி எட்டியிருந்தது. அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"அத்தை, அவரு வந்துட்டாரா?"

"வந்துட்டாரும்மா."

"அவங்க அம்மா?"

"அவங்களும்தான்."

"குருக்கள் இருக்காரு, நான் இருக்கேன். வேற யாரு அத்தை வேணும்? யாரைக் கேட்டு அவங்களை வெளிய உட்கார வச்சிருக்கீங்க?"

இருநூறு பேருக்குத் தோன்றாத கேள்வி! அதை அப்படியே கொண்டுபோய்க் குருக்களிடம் சொன்னேன். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அழைச்சிட்டு வாங்கோ, சீக்கிரம்" என்றார்.

தட்டு ஏந்த மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் இல்லையே? எங்கள் பெண்களில் பாதிப் பேர் எங்கள் தட்டுகளையே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் மாப்பிள்ளை வீட்டார் ஆனோம். மீதிப் பேர் எங்களுக்கே பன்னீர் தெளித்து வரவேற்றார்கள். மேளம் முழங்கியது. தாய்மாமன் கூட வேறு வழியில்லாமல் மாப்பிள்ளைக்கு மாலை போட்டார்.

மணவறை வரை வந்த மாப்பிள்ளையின் அம்மா வழக்கம்போலப் பின்னால் ஒதுங்கினார். "இவன் பெரியப்பா, அவங்கதான் நிக்கணும்னு சொல்லியிருக்காரு. நான் எப்படி..."

"பெத்தவங்க நீங்க இருக்கறச்சே வேற யாரும்மா? முன்னால வாங்கோ" என்றார் குருக்கள். அவருக்குப் பத்து மணி கவலை. சம்பிரதாயத்தைப் பற்றி விவாதிக்க நேரம் இல்லை!

அந்த அம்மா முன்னால் வந்தார். மகனுக்குப் பக்கத்தில் நின்றார். தாலியைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்பு குணசீலன் வசந்தி கழுத்தில் தாலி கட்டினார். நான் சத்தமாகவே அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் பாசம் என்று நினைத்திருப்பார்கள். பாதி பாசம், பாதி நிம்மதி.

பத்தே முக்காலுக்கு பஸ் வந்தது. நாங்கள் எல்லோரும் பக்கத்து மண்டபத்தில் சாப்பாட்டில் இருந்தோம். நடராஜா முன்னால் நடக்க, பின்னால் பழத்தட்டும் பூத்தட்டுமாக நாற்பது பேர், நேரே கோயிலுக்குள் போய்விட்டார்கள். அங்கே அடுத்த கல்யாணம். அந்த வீட்டார் இவர்களை யாரென்று நினைத்தார்களோ, பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் கல்யாணத்துக்கு நம் ஆட்கள் நேரத்துக்குப் போய்விட்டார்கள்!

மணவறையில் வேறு முகங்களைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உண்மை தெரிந்தது. சந்தனம் காயாத நெற்றியோடு சாப்பாட்டு மண்டபத்துக்குள் வந்தார்.

"நான் நிக்க வேண்டிய எடத்துல யாரு நின்னது?"

"அவரைப் பெத்தவங்க, அண்ணே."

"எனக்காகக் காத்திருக்க வேணாமா? கார்டுல நேரம் போடுறது ஒரு மரியாதைக்கு லா. அதை அப்படியே எடுத்துக்குவாங்களா? படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா டீச்சர்?"

ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுக்கலாம். மரியாதை என்ற தமிழ்ச் சொல்லுக்கு நான் எங்கே போய் அர்த்தம் சொல்லிக் கொடுப்பது? நல்லவேளை, பாயசம் வந்தது. கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நேற்று அதே நடராஜா என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் பழைய வருத்தம் எதுவும் இல்லை. வைகாசியில் அவர் மகளுக்குக் கல்யாணமாம். பெரிய கார்டு. ஒன்பது மணி ஷார்ப் – சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு. கொடுத்துவிட்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"டீச்சர், கார்டுல இருக்கேன்னு கரெக்டா ஒம்பதுக்கு வந்து நின்னுடாதீங்க லா. அப்ப நாங்களே வந்திருக்க மாட்டோம்."

நான் ஒன்பதுக்குப் போகத்தான் போகிறேன். குணசீலனும் அவர் அம்மாவும் என்னோடு வருவதாகச் சொல்லிவிட்டார்கள். குருக்களும் வந்துவிடுவார். பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் நேரத்துக்கு வரட்டும் – கல்யாணத்தை நாங்கள் முடித்து வைத்துவிடுகிறோம்.