என் தம்பி பரிமாறிய மேசை

என் தம்பியைக் கொழும்புக்குப் போகச் சொன்னவன் நான்தான். அம்மா வேண்டாம் என்றாள். அவனுக்கும் பெரிய விருப்பமில்லை. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். எங்கள் லய வரிசை வீடுகளில் நாலு பேர் என் சொல்லுக்குக் காது கொடுத்த காலம் அது. அந்தத் தைரியத்தில் பேசிவிட்டேன்.

எங்களுடையது அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கொழுந்தெடுத்துத்தான் எங்கள் இருவரையும் ஆளாக்கினாள். தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். இருபது வயதில் துரை பங்களாவில் வேலைக்குப் போனான். மேசைக்குத் துணி விரிப்பது, முள்ளும் கரண்டியும் வைப்பது, எந்தக் கிளாசில் எந்தச் சாராயத்தை ஊற்றுவது என்பதெல்லாம் அவனுக்கு ஒரே வருஷத்தில் கைவந்துவிட்டது. சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரத்துத் துரைமார் அங்கே கூடுவார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே கொஞ்சம் இங்கிலீஷ் பழகிக்கொண்டான். கீழே கிராமத்திலிருந்து பங்களாவுக்குக் காய்கறி கொண்டுவருகிறவர்களிடம் பேசிப் பேசிச் சிங்களம் சுத்தமாக வந்துவிட்டது.

சுதந்திரம் வந்து சில வருஷங்களில் அந்த வெள்ளைக்காரத் துரை தன் நாட்டுக்குத் திரும்பிவிட முடிவெடுத்தார். போகுமுன், கொழும்பில் கோட்டைப் பகுதியில் தனக்குத் தெரிந்த ரெஸ்டோரண்டில் தம்பிக்கு ஒரு வேலை சொல்லிவைத்தார்.

"இருக்கிறது ரெண்டு புள்ளைங்க. அதுல ஒண்ண ஏன்யா கண்காணாத ஊருக்கு அனுப்பணும்?" என்று அம்மா என்னிடம் கேட்டாள்.

"இங்கயே இருந்தா காலம்பூரா எவனாவது ஒரு துரைக்குச் சாராயம் ஊத்திக் கொடுத்துக்கிட்டுத்தாம்மா கெடப்பான்" என்றேன்.

தம்பி சிரித்தான். "அங்கயும் அதைத்தானேண்ணே செய்யப் போறேன்" என்றான்.

ஆனாலும் நான் விடவில்லை. பட்டணம் வேறு, அங்கே மனுஷனுக்கு மனுஷன் மரியாதை உண்டு என்று என்னென்னவோ சொன்னேன். எங்கள் தோட்டத்து ஆட்களின் ஓட்டுரிமையை எடுத்து, பிரஜாவுரிமையையும் எடுத்துவிட்ட நாட்டில், தோட்டத்தை விட்டு ஒருவனாவது வெளியே போகட்டுமே என்ற நினைப்பு எனக்கு. அதை நான் போய்ச் செய்திருக்கலாம். அவனை அனுப்பினேன்.

முதல் இரண்டு தீபாவளிக்கும் வந்தான். அம்மாவுக்குச் சேலையும் எனக்கு ஒரு பேனாவும் கொண்டுவந்தான். அடுப்பங்கரையில் குளிர்காய்ந்துகொண்டே அவன் வேலை செய்யும் இடத்தைப் பற்றிச் சொல்வான். பொழுது சாய்ந்தால் கலர் பல்புகளைப் போடுவார்களாம். கோட்டுப் போட்ட நாலு பேர் மேடையில் நின்று ஊதுவார்களாம், மேளம் அடிப்பார்களாம். கப்பல்காரர்களும் கந்தோர் உத்தியோகத்தர்களும் பெண்சாதிகளோடு வந்து, எல்லாரும் பார்க்கவே கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடுவார்களாம். லயத்தில் பக்கத்துக் காம்பரா அறைகளில் இருந்தவர்களும் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். அம்மா கேட்டது ஒன்றுதான்.

"அவ்வளவு பேரு குடிக்கிற எடத்துல சோறு யாரு ஆக்குறது?"

"ஒரு மலையாளத்துக்காரரும்மா."

"ஒனக்கு வயிறு நெறையப் போடுறாரா?"

"போடுறாரும்மா."

மூன்றாவது வருஷம் இனக் கலவரம் வந்தது. எங்கள் தோட்டத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கொழும்பில் தமிழ் ஆட்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள் என்று ரேடியோ வைத்திருந்தவர்கள் சொன்னார்கள். பஸ்ஸை நிறுத்திப் பேசச்சொல்லிப் பார்க்கிறார்கள், காதில் துளை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று பேச்சு வந்தது. தம்பிக்குச் சின்ன வயதில் நேர்த்திக்கடனுக்காக இரண்டு காதும் குத்தியிருந்தோம்.

அவனிடமிருந்து கடிதம் நின்றுபோயிற்று. நான் மூன்று கடிதம் போட்டேன். ஒன்று மட்டும் திரும்பி வந்தது. அகதி முகாமில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டான் என்று இன்னொருவர் சொன்னார். அம்மாவுக்கு இருமல் பிடித்தது. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார். அம்மா போக மறுத்துவிட்டாள்.

"சின்னவன் வர்ற நேரத்துல நான் இல்லாமப் போயிட்டா?" என்றாள்.

பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் நான் புறப்பட்டேன். வேட்டி வேண்டாம் என்று என் மனைவி பக்கத்து வீட்டில் ஒரு கால்சட்டை வாங்கி வந்தாள். "ஸ்டேசன் வந்ததும் நெத்தியில இருக்கிறத அழிச்சிருங்க" என்றாள். தலவாக்கலை ஸ்டேசனில் குழாயடியில் நின்று விபூதியை அழித்தேன். ரயிலில் கொழும்பு வரைக்கும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கோட்டையில் அந்த ரெஸ்டோரண்ட் இருந்தது. முன்பக்கக் கண்ணாடி உடைந்து பலகை அடித்திருந்தார்கள். தம்பியின் பேரைச் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் தெரியாது என்று தலையாட்டினார். நான் வெளியே வந்து நின்றபோது, பின்கட்டிலிருந்து ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அந்த மலையாளத்துக் குசினிக்காரர்தான்.

"மலைநாட்டிலேர்ந்து வந்த மாஷா? அவனுக்க அண்ணனா?" என்று கேட்டார். வாத்தியாரைத்தான் மாஷ் என்கிறார். ஆமாம் என்றேன்.

"பயப்படண்டா. ஆளு உயிரோட உண்டு. கொள்ளுப்பிட்டியில கடல் பக்கம் ஏதோ ஒரு பார்ல வேலை செய்யுறான். எதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா மாஷே, அங்க போயி இந்தப் பேரைச் சொல்லிக் கேக்காதீங்க."

பிறகு எந்தப் பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று காதோடு சொன்னார். அது ஒரு சிங்களப் பேர். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

உயிரோடு இருக்கிறான் என்றதும், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கடலோரமாக நடந்தேன். குடிக்கிற இடம் எதிலும் அதுவரை நான் காலெடுத்து வைத்தவனில்லை. அன்றைக்கு ஒவ்வொன்றாக நுழைந்தேன். முதலாவதில் கப்பல்காரர்கள் பகலிலேயே குடித்துவிட்டு மேசையில் தலைசாய்த்துக் கிடந்தார்கள். உதட்டுச் சாயம் போட்ட ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தது சீனக்காரர் கடை. வாசலில் நின்றவன் என் செருப்பைப் பார்த்து, உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டான். மூன்றாவது இடத்துக்கு நான் போனபோது சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கடை திறந்திருந்தார்கள். மூலையில் ஒரு மேசையில் உட்கார்ந்தேன்.

வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு தட்டோடு என் தம்பி வந்தான்.

என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் எதுவுமே அசையவில்லை. குனிந்து, "மொனவாத ஓனே மாத்தயா?" என்று கேட்டான். என்ன வேண்டும் ஐயா என்கிறான். என் கூடப் பிறந்தவன், என்னிடம்.

"தம்பி" என்றேன்.

அவன் பின்னால் கவுண்டரில் முதலாளி இருந்தார். பக்கத்து மேசையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவன் இன்னும் கொஞ்சம் குனிந்து, பியர் இருக்கிறது, சாராயம் இருக்கிறது என்று சிங்களத்திலேயே சொன்னான். தலையை ஆட்டினேன். போய் ஒரு பியர் போத்தலும் கிளாசும் கொண்டுவந்தான். கிளாசைச் சாய்த்துப் பிடித்து, நுரை வழியாமல் அழகாக ஊற்றினான். அப்போது அவன் காதைப் பார்த்தேன். துளை இருந்த இடத்தைத் தைத்து மூடியிருந்தார்கள். புண் இன்னும் ஆறாமல் சிவந்திருந்தது.

"அம்மாவுக்கு ரொம்ப முடியல" என்று மேசையைப் பார்த்தபடி சொன்னேன்.

துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது. பிறகு மறுபடி துடைத்தது. "குஸ்ஸிய" என்று மட்டும் வாய்க்குள் சொல்லிவிட்டு நகர்ந்தான். குசினிக்கு, சமையற்கட்டுப் பக்கம் வரச் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பியரைக் கொஞ்சம் குடித்தேன். கசந்தது. பக்கத்து மேசையிலிருந்து அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தச் சிங்களப் பேருக்கு அவன் சட்டென்று திரும்பினான். அந்தத் திரும்பல்தான் எனக்குத் தாங்கவில்லை.

பின்பக்கத்துச் சந்தில் குசினி வாசலில் போய் நின்றேன். சற்று நேரத்தில் வந்தான். வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவன் கை ஈரமாக இருந்தது.

"அண்ணே, இனிமே இங்க வராதீங்க."

"ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதா? செத்துட்டேன்னு நெனச்சோம்டா."

"தமிழ்ல எழுதுறதை யாராவது பார்த்தா? நாலு நாளுண்ணே. கோட்டையிலேர்ந்து ஓடி வந்த என்னை, பியர் பெட்டி அடுக்குற ரூமுல இந்த முதலாளி ஒளிச்சு வெச்சிருந்தாரு. நல்ல மனுஷன். வெளிய வந்தப்ப இந்தப் பேரை அவருதான் வெச்சாரு. இந்தப் பேருலதான் அரிசிக் கூப்பன் புத்தகம் எடுத்திருக்கேன்."

"சரி. ரெண்டு நாளைக்கு வந்து அம்மாவைப் பாத்துட்டு வந்திரு."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரு பொண்ணு இருக்காண்ணே. அவ வீட்டு ஆளுங்களுக்கு நான் யாருன்னு தெரியாது. நான் மலைக்கு ரயிலேறுனா, யாராவது ஒருத்தன் பாத்துட்டா போதும், எல்லாம் போயிரும்."

"அம்மாடா அவ."

"தெரியும்ண்ணே." என்றான். "அங்க வந்து நான் என்னவா இருப்பேன், சொல்லுங்க. ஓட்டு இல்ல. நாடு இல்ல. நாளைக்குக் கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்புறேம்பான். இங்க எனக்கு ஒரு பேரு இருக்கு. பொய்ப் பேருதான். இருந்தாலும் பேரு."

பட்டணத்தில் மரியாதை உண்டு என்று சொன்னவன் நான். அவன் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருக்கலாம்.

உள்ளே போய், காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்தான். "பிராந்தி. அம்மாவுக்கு நெஞ்சுல தேச்சு விடுங்க. ராவுல ஒரு கரண்டி குடுங்க. என்னைப் பாக்கலேன்னு சொல்லிருங்க." உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கையை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் வீட்டுக்கு வந்தேன். அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கெடைக்கலம்மா. தேடாத எடமில்ல. இந்தியாவுக்குத்தான் போயிருக்கணும்" என்றேன்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் என் மனைவி போத்தலைத் திறந்து அம்மாவின் நெஞ்சில் பிராந்தியைத் தேய்த்தாள். காம்பரா முழுவதும் வாசனை அடித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"இது எங்கய்யா வாங்குன?"

"கடையிலம்மா."

"நீ சாராயக் கடைப் பக்கம் தலைவெச்சும் படுக்க மாட்டியே."

சொல்ல நினைத்த பொய் வாய்க்கு வரவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கானா?" என்று அந்தப் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"இருக்காம்மா."

அதற்குப் பிறகு அவனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் செத்துவிட்டான் என்றே நான் சொல்லியிருக்கலாம். அவன் இருக்கிறான், ஆனால் வரமாட்டான் என்பதை அவளுக்குத் தெரியவைத்துவிட்டேன். அதுவரை வாசலில் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவாள். அன்றிலிருந்து எழவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அம்மா போய்விட்டாள்.

அந்தக் கடை விலாசத்துக்கு, அவனுடைய சிங்களப் பேரைப் போட்டு, இங்கிலீஷில் ஒரு வரி எழுதினேன். மலையில் உங்களுக்குத் தெரிந்த அந்த அம்மாள் காலமாகிவிட்டார் என்று. பதில் வரவில்லை. கிடைத்ததோ இல்லையோ, அதுவும் தெரியாது. கொள்ளி வைத்தவன் நான்தான். கருமாதிக்கும் நான் தனியாகத்தான் நின்றேன்.

அதற்குப் பிறகு நான் குடிக்கத் தொடங்கினேன். சனிக்கிழமை பஸ்ஸேறித் தலவாக்கலைக்குப் போவேன். பஜாரில் ஒரு மதுக்கடை. கணக்கப்பிள்ளைமார், லொறிக்காரர்கள், சில வேளை எங்கள் லயத்து ஆட்கள். முதலில் என்னைப் பார்த்துக் கிளாசை மறைத்தார்கள். பிறகு மறைப்பதை விட்டுவிட்டார்கள். வாத்தியாருக்கும் ஒன்று கொண்டா என்பார்கள். வகுப்பில் என் வாயில் நாற்றமடிக்கிறது என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மனைவி சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள். கடைசியில் ஒருநாள் சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஒங்க தம்பி ஒரேயடியாப் போயிட்டாரு. நீங்க வீட்டுக்குள்ள இருந்துகிட்டே கொஞ்சங்கொஞ்சமாப் போயிக்கிட்டு இருக்கீங்க."

அது உண்மை. தெரிந்தும் நான் நிறுத்தவில்லை.

சில வருஷங்களில் இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் கூடி ஒப்பந்தம் போட்டன. இத்தனை பேரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இத்தனை பேரை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று எங்களைப் பங்கு போட்டார்கள். லயம் லயமாக அதே பேச்சு. போவதா, இருப்பதா என்று நான் முடிவு செய்யுமுன் ஒருமுறை கொழும்புக்குப் போனேன். அந்தக் கடை இருந்தது. முதலாளி மாறியிருந்தார். தம்பியின் சிங்களப் பேரைச் சொல்லிக் கேட்டேன். அவன் எப்போதோ நின்றுவிட்டான், எங்கே போனான் என்று தெரியாது என்றார்கள். அவனுடைய பழைய பேரைச் சொல்லிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூலை மேசை காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்தேன். வேறு யாரோ வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்கள். சாராயம் கொண்டுவரச் சொன்னேன், சிங்களத்தில். கடைசி ரயிலுக்கு நேரமாகும்வரை குடித்தேன்.