பேச்சு நடுவே இடமாற்றம்

அலுவலகத்தில் அவளை "நிதானம்" என்றுதான் கூப்பிடுவார்கள். நேரில் நிதானம் அக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் நிதானம். முன்பு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள். அங்கே கணினிக் கேபிள் பழுதாகும்போதெல்லாம் ஆள் வரும்வரை பொறுக்கமாட்டாமல் தானே மேசைக்கடியில் புகுந்து பார்த்ததில் இந்தத் தொழில் ஒட்டிக்கொண்டது. பொறுமையில்லாமல் தொழிலுக்கு வந்தவளுக்கு அப்படியொரு பெயர் அமைந்துவிட்டது. இப்போது ஒரு டேட்டா சென்டரின் நெட்வொர்க் பிரிவில் மூத்தவள்.

வீட்டில் அம்மாவும் தங்கையும். அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சமையலறையிலிருந்து யாரும் யாரையும் குரல் கொடுத்துக் கூப்பிடாத வீடு அது. எழுந்து போய் முன்னால் நிற்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது முகத்தைத் திருப்பினால் முதுகில் ஒரு தட்டு விழும். தங்கை சைகை மொழிபெயர்ப்பாளராகிவிட்டாள். படுக்கையறை மூலையில் நீலத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் முன் உட்கார்ந்து, மருத்துவமனைகளில் காது கேளாத நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் நடுவே வீடியோவில் பேசுவாள். அந்த வீடியோ சேவை ஓடுவது அக்காவின் டேட்டா சென்டரில்.

"நான் கையை ஆட்டிப் பொழைக்கிறேன், நீ கம்பியை ஆட்டிப் பொழைக்கிற" என்பாள் தங்கை.

அன்று காலை அவள் சொல்லியிருந்தாள்: "மத்தியானம் ஒரு தச்சருக்குக் கையில ஆபரேஷன்க்கா. நரம்பு மாதிரி ஒண்ணு அறுந்துபோச்சாம், விரலை இழுக்குறது. ஆளுக்கு மயக்கம் குடுக்காம, கையை மட்டும் மரத்துப்போக வெச்சுத் தைப்பாங்களாம். நடுவுல டாக்டர் விரலை மடக்கச் சொல்வாரு. அதை நான்தான் காட்டணும்."

மதியம் ஒரு பெரிய சர்வரின் விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. வீடியோ சேவை அதற்குள்தான் இருந்தது. ஒரே சர்வருக்குள் பல கணினிகள் தனித்தனியாக இருப்பதுபோல ஓடும். அவற்றில் ஒன்றை அணைக்காமலேயே பக்கத்துச் சர்வருக்கு மாற்றிவிடலாம். ஆனால் கணினி மட்டும் போனால் போதாது. யாரை உள்ளே விடலாம் என்று அதன் வாசலைக் காக்கும் ஃபயர்வாலின் விதிகளும் கூடப் போக வேண்டும். ஏற்கெனவே யார் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற ஃபயர்வாலின் நினைவும் போக வேண்டும். விதி போய் நினைவு போகாவிட்டால், புதிதாக வருபவருக்குக் கதவு திறக்கும். பாதிப் பேச்சில் இருப்பவர் யாரோ எவரோ ஆகிவிடுவார்.

மாற்றும் வேலையின் படிகளை வரிசையாகத் தானே செய்யும் ஸ்கிரிப்டை எழுதியிருந்தவன் அவளுக்குப் பக்கத்து மேசைத் தாடிக்காரன். முதலில் ஒரு சோதனைக் கணினியை மாற்றிப் பார்த்தார்கள்.

"சோதனை எல்லாம் பச்சைக்கா. நிஜத்தை மாத்திடலாமா?"

"இரு தாடி. என் கடிகாரம் நின்னுபோச்சு."

காலையில் வந்ததும் சோதனைக் கணினிக்கு ஒரு இணைப்பைத் திறந்து, அது நொடிக்கு நொடி நேரத்தைக் காட்டும்படி சாயங்காலம்வரை விட்டுவைப்பது அவள் வழக்கம். அக்கா வளர்க்கும் பூனை என்று அதைக் கிண்டல் செய்வார்கள்.

"தொங்கியிருக்கும். ரிஃப்ரெஷ் பண்ணுங்க." அவனே எட்டி ஒரு பொத்தானைத் தட்டினான். கடிகாரம் ஓடியது. "பாத்தீங்களா?"

"பாத்தேன். இருந்ததைக் கொன்னுட்டுப் புதுசா ஒண்ணைப் பெத்துட்ட. உன் பச்சையெல்லாம் அப்படித்தான். ஒவ்வொரு சோதனையும் புதுசா வந்து கதவைத் தட்டுது. உள்ள உக்காந்து பேசிட்டிருந்தவன் என்ன ஆனான்னு ஒண்ணுகூடக் கேக்கல."

மேலாளர் வந்து நின்றார். "சூடு ஏறிட்டே போகுது. சர்வர் தானா அணைஞ்சா மொத்தமும் போயிடும். ரெண்டு வீடியோ கால் கட்டாகும், அவ்வளவுதானே? திரும்பப் போட்டுப்பாங்க."

"ஒருத்தர் ஆபரேஷன் மேசையில கிடக்குறாரு சார். எந்தக் கையால போடுவாரு?"

மேலாளர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "சரி, அந்தப் பக்கம் ஃபயர்வாலைக் கொஞ்ச நேரத்துக்கு எல்லாரையும் உள்ள விடுற மாதிரி வெச்சிடுங்களேன்."

"ஆஸ்பத்திரி வீடியோவையா?"

அவர் வெப்பம் காட்டும் திரையருகே போய் நின்றுகொண்டார்.

ஃபயர்வாலின் நினைவு முழுதாகப் போய்ச் சேரவில்லை என்று அவள் நினைத்தாள். ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு அந்தப் படியைத் தன் கையால் செய்து பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. மற்ற படிகளை ஓடவிட்டதும் கடிகாரம் மறுபடி நின்றது. அவள் நினைத்தது தப்பு. வேறெங்கே தேடுவது என்று தெரியவில்லை. மேலாளர் திரும்பிப் பார்க்காமலே, "இன்னும் ஏறுது" என்றார்.

தாடிக்காரன் தன் ஸ்கிரிப்டை மேலிருந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்தினான்.

"ஐயோ அக்கா. நினைவு பெருசு, நேரமாகும்னு அதை முதல்ல அனுப்பிட்டேன். விதி பின்னாடி போகுது. விதியை ஏத்துறப்போ அங்க இருக்குறதையெல்லாம் துடைச்சிட்டுத்தான் ஏத்துது."

"அதாவது?"

"சாமானை இறக்கி வெச்சிட்டு அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிச்சிருக்கேன்."

வரிசையை மாற்றினார்கள். முதலில் விதி, பிறகு நினைவு, கடைசியில் கணினி நகரும் கணத்தில், இடையே சேர்ந்த புதுப் பேச்சுகளின் நினைவு மட்டும். சோதனையில் கடிகாரம் ஒரு நொடியைத் தாண்டிக் குதித்து, நிற்காமல் ஓடியது. தாடிக்காரன் அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

வீடியோ சேவையும் அதோடு இருந்த மற்றக் கணினிகளும் இடம் மாறின. காலியான சர்வரை மேலாளரே அணைத்தார். புது இடத்து ஃபயர்வாலில் பழைய பேச்சுகள் அப்படியே இருந்தன. அவற்றுள் எது தச்சருடையது என்று பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. தங்கையைக் கூப்பிடவும் முடியாது, அவள் கைகள் வேலையில் இருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்: "என்ன ஆச்சு?"

தங்கை அம்மாவுக்கும் புரியும்படி கைகளாலும் சொன்னாள். "நல்லா முடிஞ்சுது. நடுவுலதான் ஒரு தரம் படம் அப்படியே நின்னுபோச்சு. விரலை மடக்குங்கன்னு நான் பாதி காட்டியிருந்தேன். அவரும் பாதி மடக்கிட்டு மீதிக்குக் காத்திட்டிருந்திருக்காரு. டாக்டருக்கு வேர்த்துப்போச்சு, தையல் பிடிக்கலையோன்னு. அப்புறம் படம் வந்துச்சு, மனுஷன் முழுசா மடக்கினாரு."

அம்மா தன் விரலைப் பாதி மடக்கி வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"ஒரு மூச்சு இருக்கும். ஏன்?"

"அதிகம்தான்" என்றாள் அவள், கைகளாலும்.