அம்மி ஏறிய கப்பல்

மயிலாப்பூரில் பால் வேண்டுமென்றால் மாட்டையே வாசலுக்கு வரவழைக்கிறார்கள். பினாங்கில் நமக்குப் பால் தகரப் போணியில் வந்தது. வாங்கினோம், காய்ச்சினோம், குடித்தோம். அதில் தண்ணீர் எவ்வளவு என்பது பால்காரருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். இங்கே பால்காரர் ஏழுமலை மாட்டோடு வந்து நின்று, கறப்பதற்கு முன் செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுகிறார். யுத்தம் முடிந்து நான் இங்கே வந்து இறங்கிய புதிதில், இது ஏதோ சடங்கு என்று நினைத்துக் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டேன். “இன்னா சார், சாமியா காட்டிக்கினு கீறேன்? உள்ள தண்ணி கீதான்னு பாரு சார்!” என்றார். தெருவே சிரித்தது. பினாங்கு நண்பர்களே, இந்தப் பட்டணத்தில் எதையும் கண்ணால் கண்டால்தான் நம்புவார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

எதிர்வீட்டு வைத்தா மாமா இதில் எல்லோருக்கும் மேல். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்று வெயில் அதிகம் என்று சொன்னால்கூட சாட்சி கேட்பார். எங்கள் அம்மா இதே மயிலாப்பூரிலிருந்து பினாங்குக்கு அம்மிக்கல்லோடு கப்பலேறினாள் என்று ஒருநாள் அவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். “ஓய், மனுஷா கப்பல்ல பெட்டி எடுத்துண்டு போவா, படுக்கை எடுத்துண்டு போவா. அம்மியைத் தூக்கிண்டு போவாளோ? கப்பல் முழுகிடாதோ?” என்றார். அன்று முதல் என்னைக் கண்டால் “அம்மி சௌக்கியமா?” என்றுதான் விசாரிப்பார்.

ஆனால் அது உண்மை. அக்கரையில் கல் கிடைக்குமோ கிடைக்காதோ, அம்மி இல்லாமல் ஏறமாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாளாம். தலையில் சுமந்த அப்பா சாகும்வரை கழுத்து வலி என்று புலம்பிக்கொண்டிருந்தார். நடுக்கடலில், மேல்தட்டில் படுத்துக்கிடந்த நம் ஜனங்களிடம் ஒரு வெள்ளைக்காரர் மூன்று கால் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினாராம். அப்பா முன்பு ஒருமுறை போட்டோ ஸ்டூடியோவில் நின்றவர். ஆடினால் முகம் அழிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். உடனே அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி, “யாரும் மூச்சு விடாதீங்க!” என்று உத்தரவு போட்டுவிட்டார். அந்தத் துரை கைகால்களை ஆட்டி என்னவோ சொன்னார். இன்னும் விறைப்பாக நிற்கச் சொல்கிறார் என்று அப்பா மொழிபெயர்த்தார். துரை குதித்தே காட்டினாராம். இவர்கள் கண்ணிமைப்பதையும் நிறுத்திவிட்டார்கள். கைக்குழந்தைப் பருவம் அப்போதுதான் தாண்டியிருந்த நான் மட்டும் ஆடினேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். “உன்னாலதான்டா அந்தப் படமே கெட்டுது” என்பது அப்பாவின் தீர்ப்பு. பினாங்கில் தங்கையைப் பெற்றுப்போட்டுவிட்டு அம்மா கண்மூடிவிட்டாள். அவளுக்கு ஒரு படம் கிடையாது. அந்த அம்மியின் ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும். அம்மாவின் முகம் தெரியாது.

இப்படியிருக்க, சாந்தோம் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் அருளப்பன் வாத்தியார், மாதா கோயில் மண்டபத்துப் பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு தகர டப்பாவைக் கண்டெடுத்தார். பக்கத்தில் குடியிருந்து காலமான வெள்ளைக்காரக் கப்பல் டாக்டர் ஒருவர் விட்டுப்போனது. உள்ளே பேசாத காலத்துச் சினிமாச் சுருள். மூடியில் ‘மெட்ராஸ், பினாங்கு, மேல்தட்டு’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.  ஒருவேளை அதே கப்பலாக இருந்தால்? இல்லாவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னல்களில் ஜமக்காளம் கட்டி மண்டபத்தை இருட்டாக்கினார்கள். அக்கரைச் சொந்தம் உள்ளவர்கள் பலரும் வந்திருந்தார்கள். அப்படி யாரும் இல்லாத வைத்தா மாமா, குறுக்கு விசாரணைக்காக என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். சினிமாக் கொட்டகையிலிருந்து மிஷினோடு வந்த ஆபரேட்டர் மணி முதலிலேயே சொல்லிவிட்டார்: “ரொம்பப் பழசு சார். நடுவுல சுருள் நின்னுச்சுன்னா, லைட்டு சூட்டுல குப்புனு புடிச்சிக்கும். நின்னா அணைச்சிடுவேன். அப்பால என்னக் கேக்காதே.”

கடல் வந்தது. கப்பலில் கட்டிய ஆடுகள் வந்தன. பிறகு மேல்தட்டில் ஒரு ஜனவரிசை வந்தது. ஒருவரும் அசையவில்லை. நான் அவசர அவசரமாக இடது பக்கத்திலிருந்து தேடிக்கொண்டு வருகிறேன், அதற்குள் கூட்டம் அலறியது: “நின்னுட்ச்சு! பத்திக்கப் போவுது!” மணி விளக்கை அணைத்துவிட்டார்.  “அணைக்காதீங்க! படம் நிக்கலே, அவங்கதான் நிக்கிறாங்க! எங்கப்பா நிக்கச் சொன்னாரு!” என்று கத்தினேன். மண்டபம் கொல்லென்று சிரித்தது. அப்போது எழுந்தவர் வைத்தா மாமா. “புகை போயிண்டிருந்ததுடா! கப்பல் புகை! நான் என் கண்ணால பார்த்தேன். ஓட்டுடா!” அவர் சாட்சி சொன்னபிறகு மறுபேச்சு ஏது? படம் மறுபடி ஓடியது.

வரிசையின் கடைசியில் அம்மி இருந்தது. குழவிகூட அதன்மேல் இருந்தது. பக்கத்தில், கண்ணை அகல விழித்துக்கொண்டு, மூச்சடக்கி ஒரு சின்னப் பெண். ஆம், சின்னப் பெண்; இன்று என்னைவிட எவ்வளவோ இளையவள். தங்கச்சி, பினாங்கிலிருக்கும் நீயும் பார்த்ததில்லையே, கேட்டுக்கொள்: உன் நெற்றிதான் அம்மாவுக்கு. சப்பை மூக்கு என்னுடையது. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பயல் நெளிந்தான். அவள் முகம் பெட்டியைவிட்டு அசையாமல், கை மட்டும் கிளம்பிப் போய் அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பியது. பயல் வாயைப் பிளந்து சத்தமில்லாமல் அழுதான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணீர்தான் நிற்கவில்லை.

இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். “இன்னா சார், வாங்குன அடி பத்தலியா?” என்று சொல்லிக்கொண்டே மணி முயன்று பார்த்தார். சுருள் அப்பளமாக நொறுங்கிவிட்டது.

திரும்பும் வழியில் வைத்தா மாமா என்னை ஒட்டியே நடந்தார். பிறகு, “அம்மி வாஸ்தவம்தான், ஒத்துக்கறேன். இப்போ எங்கே அது?” என்றார்.

“பினாங்கில்தான் மாமா. தங்கச்சி பெலாச்சான் அரைக்கிறாள்.”

“அப்படின்னா?”

“புளித்த இறால் விழுது.”

“மயிலாப்பூர்க் கல்லுலயா! சிவ சிவா!” என்று ஓரடி தள்ளி நடந்தார். சற்றுப் பொறுத்து, “கல்லு அங்கே உட்கார்ந்துடுத்து. நீர் இங்கேயே இருக்கப் போறீரா, திரும்பிப் போயிடுவீரா?” என்று கேட்டார்.

 வா வா என்று தங்கச்சி எழுதிக்கொண்டேயிருக்கிறாள். போகலாமென்று பெட்டியைக் கட்டுகிறேன்; இருக்கலாமென்று அவிழ்க்கிறேன். ஓரிடத்தில் ஆடாமல் நில்லுடா என்றுதான் அம்மா அன்று அடித்தாள். இன்னும் நின்றபாடில்லை.