மாமா சொன்ன 'வேணாம்'

மாமாவின் பாஷை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற கர்வத்தோடு நான் மூன்றாம் வகுப்பை முடித்தேன். அவர் அம்மாவின் தம்பி. வயது இருபத்து நான்கு. கீழ்பென்னாத்தூரில் தாத்தா காலமான பிறகு வேங்கிக்காலில் எங்களோடு வந்து இருந்தார். அவருக்கு ஆட்டிசம் என்று வேலூரில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் தெருவில் அந்தச் சொல் யார் வாயிலும் நுழையவில்லை. 'ஒரு மாதிரி' என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

மாமாவிடம் மொத்தமே பத்துச் சொற்கள்தான் இருந்தன. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. தட்டில் கத்தரிக்காய் விழுந்ததும் அவருடைய இடது தோள் லேசாக உயரும். அடுத்த நொடி அந்தக் கத்தரிக்காய் என் தட்டில் இருக்கும். அம்மா மிக்ஸிப் பக்கம் போனாலே நான் ஓடிப்போய் மாமாவின் அறைக்கதவைச் சாத்திவிடுவேன். "மினிஸ்டருக்குக் கூட இப்படி ஒரு பி.ஏ. கெடைக்காது" என்பாள் அம்மா. எனக்குப் பெருமை பிடிபடாது.

மாமா துணி மடித்தால் நான்கு முனையும் நூல் பிடித்தாற்போல் சேரும். அதைப் பார்த்துத்தான் கோயில் பக்கம் இருந்த ஒரு லாட்ஜில் அப்பா அவருக்கு வேலை பேசி வைத்தார். பௌர்ணமி கிரிவலத்துக்கு மறுநாள் அங்கே படுக்கை விரிப்புகள் ஆள் உயரத்துக்குக் குவிந்துவிடும். "வரட்டும், பாப்போம்" என்றார் மேனேஜர்.

கோடை விடுமுறை என்பதால் முதல் நாள் அம்மாவோடு நானும் போனேன். மாமா ஒரு மணி நேரம் தலை நிமிராமல் மடித்தார். துணி அறையைப் பார்த்துக்கொண்ட பெரியவர் அசந்துபோய், தன் கையாலேயே டீ கொண்டு வந்து நீட்டினார். டீயில் ஆடை மிதந்தது. மாமாவின் இடது தோள் உயர்ந்தது. நான் அறையின் மறுகோடியில் இருந்தேன்.

"குடி தம்பி. கூச்சப்படாத, குடி" என்று பெரியவர் கிளாஸை இன்னும் கிட்டே கொண்டுபோனார். மூன்றாவது தடவை கிளாஸ் பறந்தது. வெளுத்து வைத்த விரிப்புகள் மேலெல்லாம் டீ. மாமா தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டு நின்றார். அம்மா ஆட்டோ பிடித்து எங்களை வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

ஆனால் அம்மா அதோடு விடவில்லை. சென்னையில் இதற்கென்றே படித்துவிட்டு வந்த ஒரு டீச்சரைத் தேடிப் பிடித்தாள். அவர் மொபெட்டில் வந்து நான்கு நாள் எங்கள் ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தார். மாமா ஏதாவது செய்தால் அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதுவார். என் வேகத்தைத்தான் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்து நான் இன்னும் சுறுசுறுப்பாக ஓடினேன். நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"மாமாவுக்குப் புடிக்காதது வந்தா நீ இன்னா பண்ணுவே பாப்பா?"

"நான் எடுத்துடுவேன்."

"நீ இல்லாத எடத்துல?"

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "அவருக்குக் கோவம்லாம் ஜாஸ்தி இல்லீங்க. வேணாம்னு சொல்ல வழி தெரியல. கிளாஸைத் தள்ளுனா டீ போயிடுதுன்னு மட்டும் தெரியுது. அதைவிட சுளுவான வழி ஒண்ணு கத்துக் குடுப்போம்."

மறுநாளே ஆரம்பித்தார்கள். அம்மா ஒரு துண்டு கத்தரிக்காயை நீட்டுவாள். டீச்சர் பின்னாலிருந்து மாமாவின் உள்ளங்கையை உயர்த்தி "வேணாம்" என்பார். அந்தக் கணமே கத்தரிக்காய் போய்விட வேண்டும். "ஒரு வாய் மட்டும்" என்று யாரும் கெஞ்சக்கூடாது. அது அப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தது. நான் செய்ய வேண்டியதோ எதையும் செய்யாமல் இருப்பது. என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்வேன். அப்படியும் முதல் வாரம் திருட்டுத்தனமாக அவர் தட்டிலிருந்து எடுத்தேன். நோட்டில் கத்தரிக்காய்க் கணக்கு உதைப்பதைப் பார்த்தே டீச்சர் கண்டுபிடித்துவிட்டார்.

நாள் போகப் போக டீச்சரின் கை மாமாவின் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு நகர்ந்தது. பிறகு தொடாமல் பார்ப்பதோடு நின்றது. ஒரு நாள் உள்ளங்கை தானாக எழுந்தது. "ணாம்" என்றார் மாமா. அடுத்த வாரம் முழுச் சொல்லும் வந்தது.

டீச்சர் லாட்ஜுக்கும் போனார். "அவர் வேணாம்னா, சரின்னு எடுத்துடணும்" என்று பெரியவரிடம் சொல்ல, "எனக்கும் பாடமாம்மா?" என்று அவர் சிரித்தாராம். ஆடி மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் அப்பா லீவு போட்டுவிட்டு மாமாவோடு போனார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், வழக்கமாக அதிகம் பேசாத அப்பா நடந்ததை மூன்று தடவை சொன்னார். பெரியவர் டீயை நீட்ட, மாமா கையை உயர்த்தி "வேணாம்" என்றாராம். "சரிப்பா, வேற இன்னா வேணும்?" "தண்ணி." குடித்துவிட்டு மதியம் வரை மடித்தாராம். மூன்றாவது தடவை சொல்லும்போது அப்பாவின் உள்ளங்கையே உயர்ந்துவிட்டது. மாமாவுக்கு வேலை நிரந்தரமாயிற்று. பிற்பாடு, பெரியவர் ஓய்வு பெற்றபோது, அந்த அறையின் சாவி மாமாவிடம்தான் வந்தது.

எனக்கு மறக்காமல் நிற்பது அந்தப் பௌர்ணமிக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. காலையில் மாமாவுக்குத் தலை சீவி வகிடு எடுப்பது என் உரிமை. அன்றும் பின்னால் போய் நின்று சீப்பை வைத்தேன். உள்ளங்கை எழுந்தது.

"வேணாம்."

ஆள் தெரியாமல் சொல்கிறார் என்று நினைத்தேன். முன்னால் வந்து முகத்தைக் காட்டிவிட்டு மறுபடி சீப்பை நீட்டினேன். என்னைப் பார்த்தே, இன்னும் தெளிவாக, "வேணாம்" என்றார். பிறகு தன் கையாலேயே முடியை அழுத்தி விட்டுக்கொண்டார்.

அழுதுகொண்டே அடுக்களைக்கு ஓடினேன். அம்மா அடுப்பை அணைத்தாள்.

"உன்கிட்டயா சொன்னான்? உன்கிட்டயேவா?"

என் கண்ணைத் துடைப்பாள் என்று நின்றேன். அவள் என்னைத் தாண்டி வாசலுக்குப் போய், காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எக்கி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். "அக்கா, சேதி தெரியுமா? என் தம்பி என் பொண்ணையே வேணாம்னு சொல்லிட்டான்க்கா!"

சீப்பும் கையுமாக நான் நின்றேன். என் துக்கத்தை அம்மா எதற்காகக் கல்யாணச் சேதி மாதிரி ஊருக்கெல்லாம் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.